“அப்பா ரத்தம்”: பினாங்கு டெக்னீஷியன் ஒருவரின் தன்னடக்கச் சிக்கலும் ஒரு மரபணு அறிக்கையும்

இது பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. தனி ஒருவரின் கதையல்ல. தன்னடக்கம் என்று இங்கே சொல்வது பணிவை அல்ல, உந்துதலைக் கட்டுப்படுத்தும் திறனை. ஆலோசனை அறைக்குச் சேர்ந்தே வந்துசேரும் சிக்கல்களை ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்கிறோம். அவருடைய சோதனை எண்கள் அந்த நோக்கத்துக்காக அமைந்தவை. ஆய்வுகளைப் பற்றிச் சொல்லப்படும் எண்கள் வெளியான முடிவுகள்.

வந்த காரணம்

வயது 38. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியன். 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி. மனைவி, 9 வயது மகன். கூட்டங்களில் பிறர் பேசி முடிக்கும் முன் குறுக்கே பேசி, ஒருமுறை மேலாளரிடம் கத்தியும் விட்டதால் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து வீடு வந்ததும் கைப்பேசியில் ஏதாவது வாங்குவார். அது மாதம் 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. நாலு நம்பர் (நான்கு இலக்க லாட்டரி) எடுப்பதும் உண்டு. குடி குறைவு.

கையில் ஓர் அறிக்கையோடு வந்தார். இணையத்தில் எச்சில் குப்பி வாங்கி அனுப்பிப் பெற்றது. அதில் மூன்று மரபணுக்களின் வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தார்: எம்ஏஓஏ ‘குறைந்த செயல்பாடு’, டிஆர்டி4 ‘7 மடிப்பு’, சிஓஎம்டி ‘வேல்/வேல்’ (வேல் என்பது வேலைன் என்ற அமினோ அமிலத்தின் சுருக்கம்). எம்ஏஓஏ வரிக்குப் பக்கத்தில் ‘போர்வீரர் மரபணு’ என்று அச்சிட்டிருந்தது.

“எங்க அப்பா சூதாடியே குடும்பத்த அழிச்சாரு மேடம். அந்த ரத்தம்தான் எனக்கும். அப்ப என் மகனுக்கும் இதான் விதியா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிகிச்சையைத் தொடங்கினால் அது நிற்காது. விதி என்று நம்புகிறவர் எதையும் நீண்ட நாள் செய்து பார்ப்பது கடினம். அதனால் அறிக்கையை ஒதுக்கி வைக்காமல் முதலில் அதைத்தான் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது.

அந்த மூன்று வரிகள்

மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதியைத் தரும் எம்ஏஓஏ மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் தன் ஒரே எக்ஸைத் தாயிடமிருந்து பெறுகிறான். தந்தை மகனுக்குக் கொடுப்பது ஒய். ஆகவே இவருக்கு எம்ஏஓஏ எந்த வடிவில் இருந்தாலும் அது அப்பாவிடமிருந்து வந்திருக்க முடியாது. இவரிடமிருந்து மகனுக்குப் போகவும் முடியாது. இவரை வாட்டிய சங்கிலியின் இரண்டு கண்ணிகளும் இந்த ஒரு பள்ளிப் பாடத்திலேயே அறுந்துவிடுகின்றன. இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பக்கத்தில் மனைவி இருந்தால், அடுத்த நொடியே “அப்ப உன் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கு” என்று பேச்சு திரும்பிவிடும். அதற்கு இடம் விடாமல், இந்த மாற்றுருவைக் கொண்டு ஒருவரின் நடத்தையைக் கணிக்கவே முடியாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

ஏன் முடியாது? ‘குறைந்த செயல்பாடு’ எனப்படும் 3 மடிப்பு வடிவம் (ஒரே துண்டு மூன்று முறை திரும்ப வருவது) அரிதான கோளாறு அல்ல. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. ஆசிய மக்களில் பல இடங்களில் அதைவிட அதிகம். 1993இல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் கண்ட, எம்ஏஓஏ நொதியே முற்றாக இல்லாமல் போகும் நிலை வேறு. அது மிக மிக அரிது. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது.

அடுத்தது அளக்கும் கருவி. எம்ஏஓஏவிலும் டிஆர்டி4இலும் பேசப்படும் மாற்றம் ஒரே துண்டு எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது. எம்ஏஓஏவில் துண்டின் நீளம் 30 டிஎன்ஏ எழுத்து, டிஆர்டி4இல் 48. எச்சில் குப்பி நிறுவனங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சில்லு (சிப்) ஒற்றை எழுத்து மாற்றங்களைப் படிப்பது. மடிப்புகளை நேரடியாக எண்ணுவதில்லை. பக்கத்திலுள்ள ஓர் எழுத்தை வைத்து ஊகிக்கிறார்கள். ஐரோப்பியரிடம் கணித்த அந்தப் பொருத்தம் தமிழ் வம்சாவளி மலேசியரிடமும் அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றில் சிஓஎம்டி மட்டும்தான் சில்லு நேராகப் படிக்கக்கூடிய ஒற்றை எழுத்து. வேல் வடிவ நொதி நெற்றிப்புற மூளையில் டோபமின் என்ற சமிக்ஞை வேதிப்பொருளை வேகமாகச் சிதைக்கிறது என்பது உண்மை. அங்கிருந்து ‘இவருக்குத் தன்னடக்கம் குறைவு’ என்ற இடத்துக்குப் பாலம் கிடையாது. சில நூறு பேரை வைத்து 2000களில் வந்த வேட்பாளர் மரபணு ஆய்வுகளின் (முன்கூட்டியே சந்தேகித்த ஓரிரு மரபணுக்களை மட்டும் சோதிப்பவை) முடிவுகள், பெரிய மாதிரிகளில் திரும்பச் செய்தபோது பெரும்பாலும் கரைந்துபோயின.

மரபுப் பங்கு எதைச் சொல்கிறது

அறிக்கை தவறு என்பதால் மரபுக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது. ஆறுதலுக்காக அப்படிச் சொல்வது நேர்மையும் அல்ல. தடுப்புக் கட்டுப்பாடு, அதாவது கிளம்பிவிட்ட செயலையும் முந்திக்கொண்டு வரும் பதிலையும் நிறுத்தும் திறன், மரபின் சாயல் அழுத்தமாக விழும் திறன்களில் ஒன்று.

இரட்டையர் ஆய்வின் அடிப்படைக் கணக்கு எளிது. ஒருகரு இரட்டையருக்கிடையே உள்ள ஒற்றுமையிலிருந்து இருகரு இரட்டையரின் ஒற்றுமையைக் கழித்து, இரண்டால் பெருக்கினால் மரபுப் பங்கின் தோராய மதிப்பு கிடைக்கும். தன்னடக்கத்தைப் பற்றிய இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில் ஒருகரு ஒற்றுமை 0.58, இருகரு ஒற்றுமை 0.28. வித்தியாசம் 0.30, இருமடங்கு 0.60. மக்களிடையே தன்னடக்கத்தில் காணும் வேறுபாட்டில் சுமார் 60 விழுக்காடு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பது இதன் பொருள். இந்த மனிதரின் கோபத்தில் 60 விழுக்காடு மரபணு, 40 விழுக்காடு வளர்ப்பு என்று பொருளே அல்ல. ஒரு தனி ஆளுக்குள் இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வழி இல்லை.

இன்னோர் எண்ணும் அடிக்கடி மேற்கோளாக வருகிறது. கொலராடோவில் சராசரி 17 வயது இரட்டையரை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், செயலாட்சித் திறன்களின் (எண்ணத்தையும் செயலையும் கட்டுப்படுத்தி நடத்தும் திறன்கள்) பொதுக் கூறு 99 விழுக்காடு மரபுவழி என்று வந்தது. படித்தவர்களே தடுமாறும் இடம் இது. அந்தப் பொதுக் கூறு எந்த ஒரு சோதனையின் மதிப்பெண்ணும் அல்ல. கண்ணை எதிர்த்திசைக்குத் திருப்பும் சோதனை, நிறுத்து-குறி சோதனை, ஸ்ட்ரூப் (எழுதியிருக்கும் நிறப்பெயரை வாசிக்காமல் மையின் நிறத்தைச் சொல்வது), இவற்றோடு நினைவைப் புதுப்பிக்கும், பணி மாற்றும் சோதனைகள் என எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளதை மட்டும் புள்ளியியலால் வடித்தெடுத்தது. ஒவ்வொரு சோதனைக்கும் உரிய தனி இரைச்சல், அன்றைய களைப்பு, அளவீட்டுப் பிழை எல்லாம் வெளியே தள்ளப்பட்டுவிட்டன. மிஞ்சியது ஏறக்குறைய முழுக்க மரபாக இருந்தது. சோதனைகளைத் தனித்தனியே எடுத்தால் மரபுப் பங்கு வெகுவாக இறங்கிவிடும். பொதுக் கூறைக் கணக்கில் எடுத்தபின், தடுப்புக்கென்றே தனியாக ஒரு கூறு மிஞ்சவில்லை என்பதும் அதே குழுவின் கண்டுபிடிப்பு. ‘தடுப்பு மரபணு’ என்று ஒன்றைத் தேடுவது ஏன் வீண் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

பெரியவர்களிடம் நிலைமை என்ன? அதே இரட்டையரை 23 வயதில் மறுபடி அளந்தபோது பொதுக் கூறு பெரிதும் அப்படியே நின்றது. அந்த நிலைத்தன்மைக்கு முக்கியக் காரணம் மரபு. வியட்நாம் போர்க்காலத்தில் படையில் இருந்த இரட்டையரை 50 வயதுக்கு மேல் அளந்த ஆய்வுகளிலும் மரபுப் பங்கு கணிசமாகவே இருந்தது. ஆனால் 17 வயதில் கண்ட உச்சத்தில் இல்லை. பல பத்தாண்டு வாழ்க்கை தன் வேலையைச் செய்திருக்கிறது.

எந்த மரபணுக்கள்? பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற மரபணு, உடல்நலத் தரவுத் தொகுப்பில் 4,27,037 பேரை வைத்து 2023இல் வெளியான ஆய்வு, பொதுச் செயலாட்சிக் கூறோடு தொடர்புடைய 112 மரபணு இடங்களைக் காட்டியது. அங்கே முன்னே வந்தது டோபமின் அல்ல. காபா எனும் தடுப்பு வேதிப்பொருளோடு சேர்ந்த வழித்தடங்கள். ஒவ்வோர் இடத்தின் விளைவும் மிகச் சிறியது. கவனக்குறைவும் அதிவேகமும் சேர்ந்த கோளாறான ஏடிஎச்டிக்கும் அப்படித்தான்: இரட்டையர் ஆய்வுகளில் மரபுப் பங்கு 74 விழுக்காடு அளவுக்கு வந்தாலும், 2023 வரை முழு மரபணுத் தேடலில் கிடைத்தவை 27 இடங்கள். எல்லாவற்றையும் கூட்டிய பல்மரபணு மதிப்பெண் விளக்குவது 5 விழுக்காட்டை ஒட்டிய வேறுபாட்டைத்தான், அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம். தெற்காசிய வம்சாவளியினரிடம் இத்தகைய மதிப்பெண்களின் துல்லியம் இன்னும் குறையும். இன்றைய நிலையில் இந்த மனிதருக்குப் பயன்படும் தடுப்புக் கட்டுப்பாட்டு மரபணுச் சோதனை எதுவும் இல்லை. வேறு பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்டபோதும் இதே பதில்தான்.

அளந்தது, முதல் முறை பிழைத்தது

நிறுத்து-குறி சோதனையில் திரையில் அம்பு தோன்றும். இடமோ வலமோ உடனே அழுத்த வேண்டும். நான்கில் ஒரு முறை, அம்பு வந்த சிறிது நேரத்தில் நிறுத்தக் குறி வரும். அப்போது கையை நிறுத்திக்கொள்ள வேண்டும். வெற்றிகரமாக நிறுத்தினால் அடுத்த இடைவெளி 50 மில்லிவினாடி கூடும், தவறினால் 50 குறையும். இந்த ஏணி முறையால் ஏறக்குறைய பாதி முறை தவறும்படி சோதனை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். நிறுத்தக் குறி குறைந்தது 50 முறையாவது வர வேண்டும். இங்கே 240 முறையில் 60.

முதல் அமர்வு காலை 9.30க்கு. இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். சராசரி அழுத்த நேரம் 842 மில்லிவினாடி. 180இல் 20 அம்புகளுக்கு அழுத்தவே இல்லை. 60 நிறுத்தங்களில் தவறியது 13 மட்டும், அதாவது 0.22. மேலோட்டமாகப் பார்ப்பவர் “அருமையாக நிறுத்துகிறாரே” என்று எழுதிவிடுவார். உண்மையில் அவர் குறி வருமா என்று காத்திருந்துவிட்டு அழுத்தியிருக்கிறார். தவறும் விகிதம் 0.25க்குக் கீழேயோ 0.75க்கு மேலேயோ போனால் நிறுத்த நேரத்தை (கிளம்பிவிட்ட கையை நிறுத்தப் பிடிக்கும் நேரம்) கணக்கிடவே கூடாது. அந்த அமர்வு முழுதும் கழிக்கப்பட்டது.

இரண்டு இரவு வீட்டில் தூங்கியபின் இரண்டாம் அமர்வு. தொடங்கும் முன் “காத்திருக்காதீர்கள், பாதி முறை தவறத்தான் வேண்டும், சோதனையே அப்படித்தான்” என்று தெளிவாகச் சொல்லி, ஒவ்வொரு 60 முறைக்குப் பின்னும் சராசரி வேகத்தைக் காட்டினார்கள். இம்முறை 60இல் தவறியது 29, அதாவது 0.483. அழுத்தாமல் விட்டவை 3. அவற்றுக்கு மிக நீண்ட நேர மதிப்பைப் போட்டு, 180 நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 180 × 0.483 = 87ஆவது மதிப்பை எடுத்தால் 541. சராசரி இடைவெளி 274. நிறுத்த நேரம் 541 − 274 = 267 மில்லிவினாடி. தவறிய நிறுத்தங்களின் சராசரி அழுத்த நேரம் 498. குறி வராத முறைகளின் சராசரியான 562ஐ விடக் குறைவு. இது சரிபார்க்க வேண்டிய நிபந்தனை. தலைகீழாக வந்திருந்தால் மொத்தக் கணக்கும் நிற்காது.

ஒரு வாரம் கழித்து மீண்டும் அளந்ததில் 246. இடையில் எந்தச் சிகிச்சையும் இல்லை. 21 மில்லிவினாடி வித்தியாசம் முழுக்க அளவீட்டின் ஆட்டம். ஆரோக்கியமான இளையோரிடம் 200 முதல் 250 வரை வழக்கமாகக் காண்பது; இவர் அந்த எல்லையின் மேல் விளிம்பில் நிற்கிறார். இதை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்ட முடியாது. குழுக்களை ஒப்பிட நல்ல கருவி, தனி ஆளைத் தரப்படுத்த மோசமான கருவி.

ஸ்ட்ரூப் சோதனைக்கு இங்கே ஓர் உள்ளூர்ச் சிக்கல் உண்டு. இவர் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி, வேலையிடத்தில் மலாயும் ஆங்கிலமும். ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில் இருக்கும்போது தடுமாற்றம் வருவதற்குக் காரணம், வாசிப்பு தானாகவே நடந்துவிடுவது. எந்த மொழியை ஒருவர் தானாக வாசிக்கிறாரோ அந்த மொழியில்தான் தடுமாற்றம் முழுதாகத் தெரியும். தமிழில் மட்டும் செய்திருந்தால், வாசிப்பு மெதுவானதை நல்ல தடுப்புத் திறன் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருந்தது. தமிழிலும் மலாயிலும் செய்தபோது மலாயில் தடுமாற்றம் தெளிவாகக் கூடுதல். வெளிநாட்டு அட்டவணையோடு ஒப்பிடாமல், அவரை அவரோடு மட்டுமே ஒப்பிட்டார்கள்.

எச்சில் குப்பியில் இல்லாதவை

உருப்படியான தகவல் மூன்று இடங்களிலிருந்து வந்தது.

ஒன்று, அவருடைய அக்கா. சிறுவயதில் மேசையில் உட்காராதது, சாலையில் பாராமல் ஓடியது, இரண்டு முறை கை முறிந்தது என்று தேதியோடு சொன்னார். மூன்றாம் ஆண்டு மதிப்பெண் பதிவேட்டில் ஆசிரியர் எழுதியிருந்தது: “கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறார்.” 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. பெரியவர்களுக்கு ஒரு பிரிவில் ஐந்து அறிகுறிகளாவது வேண்டும். இவருக்கு அதிவேக-உந்துதல் பிரிவில் ஆறு, கவனப் பிரிவில் ஐந்து. வீடு, வேலை இரண்டிலும் பாதிப்பு. ஏடிஎச்டி என்று மனநல மருத்துவர் உறுதிசெய்தார். சூதாட்டக் கேள்வித்தாளில் 6, நடுத்தர ஆபத்து.

இரண்டு, மனைவி. “இவரு குறட்ட விட்டா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். நடுவுல மூச்சே நின்னுடும், நான் தட்டி எழுப்புவேன்.” கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ., உடல் நிறைக் குறியீடு 31, ரத்த அழுத்தம் 148/94. பகல் தூக்க அளவுகோலில் 14. 10க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 32 மூச்சுத் தடைகள். 30இலிருந்தே கடுமையானது. அப்பாவும் இப்படித்தான் குறட்டை விடுவாராம். தாடை அமைப்பும் உடல் பருமனும்கூடக் குடும்பத்தில் இறங்கி வருபவைதான். ‘அப்பா ரத்தம்’ என்று அவர் தேடியதில் ஒரு பகுதி தொண்டையில் இருந்திருக்கலாம்.

மூன்று, வங்கிக் கணக்கும் கைப்பேசிப் பதிவும். இரண்டு மாத வாங்கல்களை நேர வாரியாக அடுக்கியபோது பெரும்பகுதி இரவு ஷிப்ட் முடிந்த காலை 8 முதல் 10 மணிக்குள். ஓய்வு நாட்களில் மிகக் குறைவு. நிரந்தரக் குணம் என்று அவர் நம்பியதற்கு ஒரு கால அட்டவணை இருந்தது. ஆலோசனை அறையில் அவர் முகம் முதன்முறை தெளிந்தது இந்தத் தாளைப் பார்த்தபோதுதான்.

செய்தவை, வரிசையோடு

சீபாப் மூச்சுக் கருவி (தூக்கத்தில் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைப்பது) முதலில். ஏடிஎச்டி மருந்தும் கருவியும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். மூச்சுத்தடையால் ஏறியிருக்கும் ரத்த அழுத்தத்தோடு ஊக்க மருந்தைத் தொடங்குவதும் நல்லதல்ல. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும்போதும் கருவியைப் போட வேண்டும் என்பதைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பலர் அதை இரவுக் கருவி என்றே நினைக்கிறார்கள். ஏர்கான் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்து முகத்தில் சொட்டியதால் முதல் வாரமே கழற்றிவிட்டார். ஈரப்பத அளவைக் குறைத்து, கருவியைக் கட்டிலுக்குக் கீழ்மட்டத்தில் வைத்து, குழாய்க்குத் துணி உறை போட்டபின் சரியானது. இரவு ஷிப்ட் வாரங்களில் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடப்பதை நிறுத்தித் தொழிற்சாலைப் பேருந்துக்கு மாறினார். இது தன்னடக்கச் சிகிச்சையின் பகுதி அல்ல, உயிரோடு இருப்பதற்கானது.

பணத்துக்கு, மன உறுதியை நம்பாத ஏற்பாடு. கைப்பேசியில் சேமித்த அட்டை எண்களை நீக்கினார். சம்பள நாளன்றே வீட்டுச் செலவும் கடன் தவணையும் தானாக வேறு கணக்குக்குப் போகும். இ-வாலட்டில் வாரம் 100 வெள்ளி மட்டும். சேர்ந்துபோன கடனுக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தின் இலவச ஆலோசனை. கூட்டங்களுக்கு ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் ஒரே ஒரு வரி: யாராவது என் இயந்திரத்தைக் குறை சொன்னால், பேனாவை எடுத்து முதலில் எழுதுவேன். கணினியில் தடுப்புப் பயிற்சி விளையாட்டுகள் பரிந்துரைக்கப்படவில்லை. அவற்றில் தேறுபவர்கள் பெரும்பாலும் அந்த விளையாட்டில் மட்டுமே தேறுகிறார்கள்.

12 வாரத்தில் ரத்த அழுத்தம் 134/86. காலை நேர வாங்கல் மாதம் 140 வெள்ளிக்கு இறங்கியது. நிறுத்த நேரம் 255, அதாவது ஒன்றும் மாறவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் அழுத்த நேரத்தின் ஏற்ற இறக்கம் 168இலிருந்து 121 மில்லிவினாடியாகக் குறைந்தது. வாழ்க்கை மாறியும் சோதனை எண் அசையாததில் வியப்பில்லை: சோதனை மதிப்பெண்ணும் அன்றாடத் தன்னடக்கமும் பலவீனமாகவே ஒத்துப்போகின்றன என்பது பல ஆய்வுகளில் கண்டது. குறுக்கே பேசுவதும் கருவிகளைத் தொலைப்பதும் மட்டும் தொடர்ந்தன. அதற்காக மனநல மருத்துவர் நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்தை 18 மில்லிகிராமில் தொடங்கினார். எழுந்தவுடன் போட வேண்டும், இரவு ஷிப்ட் வாரத்தில் நேரத்தை மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.

மகன்

பெற்றோரில் ஒருவருக்கு ஏடிஎச்டி இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு பொதுமக்களைவிடப் பல மடங்கு கூடுதல். இதை மறைக்கவில்லை. அதே நேரம் இத்தகைய பெற்றோரின் பிள்ளைகளில் பலருக்கு அது வருவதில்லை என்பதும் சொல்லப்பட்டது. பையனுக்கு எச்சில் சோதனை வேண்டாம். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரித் தொல்லை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், வகுப்பாசிரியரின் எழுத்துக் குறிப்போடு சுகாதார கிளினிக்கில் காட்டி, குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லலாம். குறட்டை இருந்தால் அடிநாச் சதையை முதலில் பார்க்க வேண்டும். ‘தாத்தா மாதிரி’ என்று பையன் காதுபட யாரும் சொல்வதில்லை என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பாட்டியிடம் அதைச் சொல்லும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டார்.